எக்ஸ்ரே மாமாவின் பேட்ஜ்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி புடுங்குற அவசரத்துல தள்ளிப் போய்க்கிட்டே இருந்த பதிவு இது. போன மாசம் அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஸ்கேன் எடுக்க ஓடினோம். வராண்டாவுல உக்காந்திருந்தப்பதான், இனிமேலும் தள்ளக்கூடாதுன்னு தோணுச்சு. அம்மா இப்ப நல்லா இருக்காங்க. அந்தக் கதை கடைசியில வருது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பழைய விஷயங்களைத் தோண்டிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. இதைப் படிச்சிட்டு யாரும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை நிறுத்திடாதீங்க சாமி.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ராஜபாளையத்துல எங்க மாமா, அம்மாவுக்கு நேர் இளைய தம்பி, எக்ஸ்ரே டெக்னீசியனா இருந்தார். தெருவுல எல்லாருக்கும் அவர் 'எக்ஸ்ரே மாமா'தான். சொந்தப் பேரு ரேஷன் கார்டுல மட்டும் இருந்துச்சு. பரீட்சை லீவுல அவருக்கு மத்தியானச் சாப்பாடு தூக்குச் சட்டியில கொண்டு போறது என் வேலை. டார்க் ரூம்ல சிவப்பு பல்பு எரியும். மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை. கழுவின ஃபிலிமை எல்லாம் கொடியில துணி காயப் போட்ட மாதிரி கிளிப் போட்டுத் தொங்க விட்டிருப்பார். ஊர்ல பாதிப் பேரோட நெஞ்செலும்பு அங்க காஞ்சுக்கிட்டு இருக்கும். நூல் மில்லுல வேலை பார்க்குறவங்கதான் நிறைய வருவாங்க. பஞ்சுத் தூசி, இருமல். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... விடாதீங்க... ம், விட்டுரலாம்" - மாமா ஒரு நாளைக்கு அம்பது தடவை சொல்ற மந்திரம் இது. நானும் அந்த "விட்டுரலாம்" வர்ற வரைக்கும் வெளிய மூச்சை அடக்கிக்கிட்டு நிப்பேன்.

மாமா சட்டையில நெஞ்சுக்கு நேரா ஒரு சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். நாங்க அதை போலீஸ் வில்லைன்னு நினைச்சோம். கேட்டா, "இது என்னையவே வேவு பாக்குற போலீஸ்டா"ன்னு சிரிப்பார். உள்ள ஒரு அட்டை, அதுல மூணு குட்டி வட்டு. டிஸ்ப்ரோசியம் கொஞ்சம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வட்டு அது. கதிர் பட்டா அந்தச் சக்தியை உள்ளயே சேர்த்து வச்சுக்கும். பிறகு லேப்ல சூடு பண்ணினா சேர்த்து வச்சதை வெளிச்சமாக் கக்கும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு கதிர். டி.எல்.டி பேட்ஜ்னு பேரு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பி வைக்கணும், மாமா வாங்கின கதிர் எவ்வளவுன்னு ஒரு தாள் திரும்பி வரும். (அவர் வேலை பார்த்த ஓர் இடத்துல எல்லார் பேட்ஜையும் பத்திரமா மேஜை டிராயர்ல பூட்டி வச்சிருந்தாங்களாம். மூணு மாசமும் சுழிதான் வரும். "டிராயருக்கு ஒண்ணும் ஆகலே"ம்பார் மாமா.)

ஒரு எக்ஸ்ரே டெக்னீசியன் சட்டையில இப்படி ஒரு வில்லை வந்து உக்காரதுக்கு எத்தனை பேர் உசிரைக் கொடுத்திருக்காங்கன்னு ரொம்பப் பிறகுதான் படிச்சேன்.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர் 8. டிசம்பர்ல தன் மனைவியோட கையைப் படம் எடுத்தார், மோதிரத்தோட. அடுத்த வருஷமே உலகம் பூரா இது ஒரு திருவிழா ஆயிருச்சு. கண்காட்சியில வச்சு எலும்பு காட்டினாங்க. நம்ம பக்கம் இது போர்க்களத்துக்கும் வந்துச்சு. 1897-98-ல வடமேற்கு எல்லையில பிரிட்டிஷ்காரங்க நடத்தின திரா படையெடுப்புல, வால்டர் பீவர்ங்கிற ராணுவ டாக்டர் கருவியைச் சுமந்துட்டுப் போய், சிப்பாய்ங்க உடம்புல குண்டு எங்க தங்கியிருக்குன்னு பார்த்தார்.

ஆபத்து யாருக்கு முதல்ல தெரிஞ்சது? கருவியைக் கையால தொட்டவங்களுக்கு. எடிசன்கிட்ட உதவியாளரா இருந்த கிளாரன்ஸ் டாலி, கதிர் சரியா வருதான்னு தன் கையையே காட்டிக் காட்டிச் சோதிச்சவர். கை புண்ணாகி, வெட்டி எடுத்தும் காப்பாத்த முடியாம 1904-ல செத்துப்போனார். அதோட எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுட்டார். இங்கிலாந்துல, நோயாளிக்கு முதல்முதலா எக்ஸ்ரே பயன்படுத்தினவங்கள்ல ஒருத்தரான ஜான் ஹால்-எட்வர்ட்ஸ், 1908-ல இடது கையை இழந்தார். பிலடெல்பியாவுல காஸாபியன்னு ஒரு டாக்டர் தன் கை அழுகிக்கிட்டு வர்றதைத் தானே படம் எடுத்துக் குறிப்பு எழுதி வச்சார், 1910-ல சாகுற வரைக்கும். ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனைத் தோட்டத்துல 1936-ல இவங்களுக்கெல்லாம் நினைவுத் தூண் எழுப்பினாங்க. அப்ப அதுல 169 பேர் பெயர். பின்னாடி 350-ஐத் தாண்டிருச்சு. எல்லாரும் டாக்டர், நர்ஸ், டெக்னீசியன், விஞ்ஞானி... இந்தத் தொழில்ல இருந்தவங்க.

இத்தனை சாவுக்குப் பிறகு 1928-ல ஸ்டாக்ஹோம்ல கூடி ஒரு பாதுகாப்புக் குழு அமைச்சாங்க. இன்னைக்கும் உலகத்துக்கே அளவு சொல்றது அந்தக் குழுவோட வாரிசுதான். நம்ம சென்னையில அரசு பொது மருத்துவமனையில கேப்டன் டி.டபிள்யூ. பார்னார்டு பேர்ல கதிரியக்க நிறுவனம் 1934-ல வந்தது. பிற்பாடு 1962-ல அணுசக்திச் சட்டம், 1971-ல கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், 1983-ல அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். இப்ப ஒரு பணியாளர் ஒரு வருஷத்துல 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது, அஞ்சு வருஷச் சராசரி 20-க்குள்ள இருக்கணும். எக்ஸ்ரே ரூம் வாசல்ல மூணு இதழ் சின்னம், ஈயக் கவசம், பேட்ஜ்... எல்லாம் சட்டத்துல இருக்கு.

இங்கதான் என் மண்டையில ஒண்ணு உறைச்சது. இந்தக் காவல் எல்லாம் பொத்தான் அமுக்குறவரைச் சுத்தி. சீட்டு எழுதுறவர் வேற அறையில இருக்கார். அவருக்குக் கை புண்ணாகாது. பேட்ஜ் கிடையாது. 'இவருக்கு எழுதின படமெல்லாம் சேர்ந்து இவ்வளவு ஆச்சு'ன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாள் வராது. கதிரை வாங்கிக்கிற நோயாளிக்கும் அந்தக் கணக்கு யாரும் சொல்றதில்லை.

அளவு தெரியாததால ரெண்டு பக்கமும் அடி விழும்னு எங்க வீட்டுலயே பார்த்தோம்.

1998. எங்க பெரியப்பா மக, எனக்கு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாக்கப்பட்டிருந்தா. மூணு வாரமா இருமல். ஒரு இடத்துல காட்டினாங்க, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க. சாதாரணச் சளிதான், சரியாயிருச்சு. பத்து நாள் கழிச்சுதான் தெரியுது, அக்கா உண்டாகியிருக்கான்னு. அஞ்சு வருஷம் கழிச்சு வந்த பிள்ளை. சந்தோஷமா டாக்டர்கிட்டப் போனா (யாருன்னு வேண்டாம், விடுங்க), எக்ஸ்ரே எடுத்த தேதியைக் கேட்டுட்டு, "குழந்தை ஊனமாப் பிறக்கும், கலைச்சிடுறதுதான் நல்லது"ன்னு ஒரே வரியில சொல்லிட்டார். அக்கா மாமியார் ஆண்டாள் சந்நிதிக்குப் போய் அழுதுக்கிட்டு உக்காந்துட்டாங்க.

எக்ஸ்ரே மாமாவுக்குத் தகவல் போச்சு. பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சுக்கு மட்டும்தான எடுத்தாக? வயித்துக்கு இல்லையே தாயி?" சுவத்துல இருந்த தினசரிக் காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு, பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கதிர் நெஞ்சுக்கு நேரா போகுது. வயித்துப் பக்கம் சிதறி வர்றது துளியூண்டு. "இந்தப் படத்துக்குப் பிள்ளையக் கலைக்கணும்னா ஊர்ல ஒரு பிள்ளையும் பிறந்திருக்காது"ன்னார். மறுநாள் அவரே மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய டாக்டரம்மாகிட்டக் காட்டினார். அந்தம்மா ரெண்டு நிமிஷம் கேட்டாங்க, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கணக்கு என்னன்னா, நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணுல கருவுக்குப் போறது 0.01 மில்லிகிரேக்கும் கம்மி. 100 மில்லிகிரேக்குக் கீழ இருந்தா அதைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லைன்னு, அந்த பன்னாட்டுப் பாதுகாப்புக் குழு 2000-ல தனி அறிக்கையே போட்டுச்சு. எங்க ஊர் டாக்டர் தப்பினது கொஞ்ச நஞ்சம் இல்ல, பத்தாயிரம் மடங்கு.

ஆனா அவரை மட்டும் திட்டிப் புண்ணியமில்ல. 2004-ல கனடாவுல வந்த ஓர் ஆய்வுல, ஆரம்பக் கர்ப்பத்துல தெரியாம வயித்துக்கு சி.டி எடுத்திருந்தா கலைக்கச் சொல்வோம்னு குடும்ப டாக்டர்கள்ல 6 சதவீதம் பேர் சொன்னாங்க. 1986-ல செர்னோபில் வெடிச்சப்ப கிரீஸ் நாட்டுல பயத்துலயே சுமார் 2500 கருக்கள் கலைக்கப்பட்டதா மறுவருஷம் ஒரு கணக்கு வந்துச்சு. எல்லாம் ஆசையா சுமந்த பிள்ளைங்க. அங்க போய்ச் சேர்ந்த கதிர் ரொம்பக் கம்மி.

சரி, அப்ப கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே ஒண்ணும் பண்ணாதா? பண்ணும். அதைக் கண்டுபிடிச்சவங்க கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஆலிஸ் ஸ்டூவர்ட், ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு டாக்டரம்மா. 1950கள்ல இங்கிலாந்துல குழந்தைங்களுக்கு ரத்தப் புற்று ஏன் கூடுதுன்னு தெரியல. இந்தம்மா கையில இருந்த கொஞ்சப் பணத்துல ஒரு கேள்வித்தாள் அடிச்சு, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்களையே கேட்டாங்க. என்ன சாப்பிட்டீங்க, என்ன நோய் வந்துச்சு, எக்ஸ்ரே எடுத்தீங்களா... பதில் வரவர ஒண்ணு துருத்திக்கிட்டு நின்னது. கர்ப்பமா இருக்கும்போது வயித்துக்கு எக்ஸ்ரே எடுத்த அம்மாக்களோட பிள்ளைங்களுக்குப் புற்று கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 1956-ல முதல் சேதி, 1958-ல முழு அறிக்கை. பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, இடுப்பெலும்பு போதுமான்னு பார்க்க அப்ப வயித்துக்கே நேரா எடுப்பாங்க. கருவுக்குப் போனது சுமார் 10 மில்லிகிரே. எங்க அக்காவுக்கு நடந்ததைப் போல ஆயிரம் மடங்கு.

டாக்டர்கள் நம்பினாங்களா? பிள்ளை செத்த அம்மாவுக்கு ஞாபகம் குழம்பும், அவங்க சொல்றதை எப்படி நம்புறதுன்னாங்க. 1962-ல அமெரிக்காவுல மக்மேகன் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையே எடுத்துப் பார்த்து, ஸ்டூவர்ட் சொன்ன திசை சரிதான்னு காட்டினார். அப்புறமும் அந்தப் பழக்கம் ஓய வருஷக்கணக்கா ஆச்சு. சீட்டு எழுதுற கைக்குச் சேதி போய்ச் சேர அவ்வளவு நாள்!

எங்க அக்கா விஷயத்துல இன்னொரு கேள்வியும் உண்டு. எக்ஸ்ரே எடுக்குறதுக்கு முன்னாடி ஏன் யாரும் கேக்கல? 'கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்'னு போர்டு இருக்கணும்ங்கறது விதி. ஆனா ரெண்டு வாரக் கருவை எந்தப் பொண்ணுக்குத் தெரியும்? "குளிச்சு எத்தனை நாளாச்சு?"ன்னுதான் கேக்கணும். ஓர் ஆம்பளை டெக்னீசியன், சின்ன ஊர்ல, தெரிஞ்ச வீட்டுப் பொண்ணுகிட்ட அதை எப்படிக் கேப்பார்? மாமா இதுக்கு ஒரு வழி வச்சிருந்தார். கூட்டிப் பெருக்குற ஆச்சியை விட்டுக் கேக்கச் சொல்வார். ஆச்சி உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து தலையாட்டினாத்தான் பொத்தான். ஆச்சி லீவு போட்டா வயித்துப் படமும் லீவு :-)

இப்ப அடுத்த பக்கத்துக்கு வர்றேன், பயமே இல்லாத பக்கத்துக்கு.

2021 மே மாசம் ஞாபகம் இருக்கா? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிக் கிடந்த நாட்கள். போன்ல துக்கம் விசாரிக்கிறதுக்கு அடுத்தபடியாக் கேட்ட கேள்வி, "25-க்கு எவ்வளவு?" நுரையீரல்ல கொரோனா எவ்வளவு பரவியிருக்குன்னு சி.டி பார்த்துப் போடுற மார்க் அது. காய்ச்சல் லேசா அடிச்சாலும் சி.டி. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஒண்ணு. சிலர் டாக்டரைப் பார்க்காமயே போய் எடுத்துக்கிட்டாங்க. என் சிநேகிதன் ஒருத்தன், முப்பத்தி ரெண்டு வயசு, பத்து நாள்ல மூணு. ஆக்சிஜன் 98. எதுக்குடான்னா, "மனசு திருப்திக்கு"ன்னான்.

மே 3-ஆம் தேதி, அப்ப எய்ம்ஸ் இயக்குநரா இருந்த ரன்தீப் குலேரியா, ஒரு சி.டி முன்னூறு நானூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம், லேசான நோய்க்கு எடுக்காதீங்கன்னு சொன்னார். உடனே இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கம் மறுத்துச்சு. இப்ப வர்ற குறைந்த அளவு சி.டி அஞ்சு பத்து எக்ஸ்ரேக்குத்தான் சமம், மக்களைப் பயமுறுத்தாதீங்கன்னு. ஜனம் குழம்பிப் போச்சு. முன்னூறா, அஞ்சா?

எனக்கும் மண்டை காஞ்சு உக்காந்து பார்த்தேன். ரெண்டு பேர் கணக்கும் வேற வேற. சாதாரண முறையில எடுக்குற நெஞ்சு சி.டி 5-லருந்து 7 மில்லிசீவர்ட். நல்ல நெஞ்சு எக்ஸ்ரே 0.02. வகுத்துப் பாருங்க, முன்னூறு வரும். எக்ஸ்ரேயை 0.1-னு எடுத்துக்கிட்டு, சி.டியைக் குறைந்த அளவுல வச்சு ஒண்ணுக்குக் கொண்டு வந்தா பத்து வரும். ஆக, எந்த மிஷின், எப்படிச் செட் பண்ணியிருக்காங்கன்னு தெரியாம ரெண்டு எண்ணும் நமக்கு உதவாது. நாம சும்மா நடமாடுறதுலயே மண், காத்து, வானத்துலருந்து வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கிறோம், அதையும் பக்கத்துல வச்சுக்கோங்க. ஒரு சி.டியால ஒருத்தருக்குப் புற்று வர்ற வாய்ப்பு ரொம்பச் சின்னது. ஆனா 2012-ல இங்கிலாந்துல சின்ன வயசுல சி.டி எடுத்த சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்ததுல, சேர்ந்த அளவு கூடக் கூட ரத்தப் புற்றும் மூளைக் கட்டியும் கூடினது தெரிஞ்சது. ஆலிஸ் ஸ்டூவர்ட் சொன்னது மாதிரியே, சின்ன உசிருக்குத்தான் ஆபத்து அதிகம்.

டாக்டர்களுக்கு இது தெரியுமா? 2003-ல இங்கிலாந்துல 130 டாக்டர்களைக் கேட்டாங்க. நெஞ்சு எக்ஸ்ரேயை ஒண்ணுன்னு வச்சா மத்ததெல்லாம் எவ்வளவுன்னு. பதில்கள்ல 97 சதவீதம் உண்மையைவிடக் கம்மி. அதைவிடக் கூத்து, அல்ட்ராசவுண்டுல கதிர் கிடையாதுங்கறதே 6 பேருக்குத் தெரியல. எம்.ஆர்.ஐ-ல கிடையாதுன்னு 11 பேருக்குத் தெரியல. அடுத்த வருஷம் அமெரிக்காவுல ஓர் ஆய்வு. சி.டியால புற்று அபாயம் கூடும்னு நம்பின அவசர சிகிச்சை டாக்டர்கள் 9 சதவீதம், நோயாளிகள் 3 சதவீதம்.

நம்ம ஊர்ல இந்தக் குழப்பத்துக்கு ஒரு வார்த்தையும் துணை. 'ஸ்கேன்'. வயித்துல பிள்ளை பார்க்குறதும் ஸ்கேன், தலையில அடிபட்டா எடுக்குறதும் ஸ்கேன், முதுகுத் தண்டுக்கு டமடமன்னு சத்தம் போடுற குழாய்க்குள்ள படுக்கறதும் ஸ்கேன். முதலாவது சத்தம், மூணாவது காந்தம். நடுவுல இருக்குற சி.டி மட்டும்தான் எக்ஸ் கதிர். கூடங்குளம் போராட்டம் நடந்த 2011, 2012-ல எங்க ஊர் டீக்கடையில கதிர்வீச்சு பத்திப் பேசாத ஆள் இல்லை. அதே பெஞ்சுல உக்காந்து, "தலைவலிக்கு ஸ்கேனே எழுத மாட்டேங்கறார்யா, என்ன டாக்டர் அவர்?"னு அலுத்துக்கிட்டதையும் கேட்டிருக்கேன். எழுதாத டாக்டர் கெட்ட டாக்டர் ஆயிடறார். பாவம், அவர் நிலைமையும் கஷ்டம்தான்.

படமே வேண்டாம்னு கிளம்புறதும் தப்பு. 1962-ல நம்ம நாட்டுக் காசநோய்த் திட்டம் வந்தப்ப, எக்ஸ்ரேயை முதல்ல வைக்காம சளிப் பரிசோதனையை வச்சாங்க. அன்னைக்கு இருந்த வசதிக்கு அது நியாயம். ஆனா 2019-21-ல எடுத்த தேசியக் கணக்கெடுப்புல, நெஞ்சு எக்ஸ்ரே மட்டும் எடுக்காம இருந்திருந்தா 42.6 சதவீத நோயாளிங்க தப்பிப் போயிருப்பாங்கன்னு தெரிஞ்சுச்சு. மில்லு ஊர்க்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இப்ப அம்மா கதை. விழுந்ததுல பின்மண்டையில வீக்கம், ஒரு தடவை வாந்தி. டாக்டர் தலைக்கு சி.டி எழுதினார். எனக்குத்தான் படிச்ச கொழுப்பு இருக்கே, வராண்டாவுலருந்து மாமாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு, காது கொஞ்சம் மந்தம். "ஏண்டா கூறுகெட்டவனே, எங்கக்காவுக்கு எழுபத்தஞ்சு வயசு, மண்டையில அடி, வாந்தி எடுத்திருக்கா. இப்பப் போய்க் கணக்குப் பாக்குறியா? முதல்ல எடு. ரத்தக் கட்டு இருந்தா என்னடா பண்ணுவ?" சத்தம் போட்டுட்டு, கொஞ்சம் தணிஞ்சு, "படத்தையும் சி.டி தட்டையும் கையோட வாங்கிக்கோ. நாளைக்கு மதுரைக்குப் போகச் சொன்னா அதையே காட்டு, மறுபடி எடுக்க விடாத"ன்னார்.

ரத்தக் கட்டு இல்லை. அம்மாவைச் சக்கர நாற்காலியில உக்கார வச்சிட்டு, உள்ள இருந்த டெக்னீசியன் தம்பிகிட்டக் கேட்டேன், "எவ்வளவு டோஸ் போச்சு தம்பி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க டாக்டரா சார்?"

"இல்ல. எங்க மாமா எக்ஸ்ரே டெக்னீசியன்."

முகம் மலர்ந்துருச்சு. திரையை என் பக்கம் திருப்பி, கீழ ஒரு கட்டத்தைக் காட்டினார். ஒவ்வொரு சி.டிக்கும் மிஷினே கணக்குப் போட்டுக் காட்டுற எண். 950 சொச்சம். தலைன்னா 0.0021-ஆல பெருக்கணும்னு அவரே சொன்னார். செல்போன்ல பெருக்கினோம், சுமார் ரெண்டு மில்லிசீவர்ட். அவர் சட்டையில, மாமாவோடதை மாதிரியே, அந்த வில்லை குத்தியிருந்துச்சு. "வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு சார், இதை யாரும் கேட்டதில்ல. டாக்டருங்களும்தான்."

ரிப்போர்ட் வந்ததும் புரட்டிப் பார்த்தேன். அந்த எண் அதுல இல்லை. அவர்கிட்டயே பேனா வாங்கி, கவர் மேல அம்மா பேருக்குக் கீழ தேதியையும் எண்ணையும் எழுதி வச்சுக்கிட்டேன்.